பொருள்: கூடுகளைச் சுற்றிய ‘பஃபர்’: விலகெல்லை எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். பறவைக் கூட்டைச் சுற்றி ஆட்களும் வண்டிகளும் வராமல் விடும் இடைவெளியை ஆங்கிலத்தில் ‘பஃபர்’ (buffer) என்கிறார்கள். நம் கடற்கரைப் பறவைக் கட்டுரைக்காக அதற்கு ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். உங்களில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> முதுமலைக்கு ‘வெளிமண்டலம்’ என்று எழுதிப் பழகிவிட்டோம். கடற்கரைக் கூடுகளுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமே?

புலிகள் காப்பகத்துக்கு அது சரி. ஒருமுறை வரையறுத்தால் அங்கேயே இருக்கும் நிலம் அது. நம் கட்டுரையில் வருவது வேறு. அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தின் கேப் ஹட்டராஸ் கடற்கரையில் மீன்பிடிக்கவும் உலாவவும் ஜீப்புகளை மணலிலேயே ஓட்டிப் போகலாம். அதே மணலில்தான் பைப்பிங் உப்புக்கொத்தி (piping plover) என்ற சிறு கரைப்பறவை முட்டையிடுகிறது. கூடு என்பது ஒரு சிறு குழி. அதில் மணல் நிறத்தில் நான்கு முட்டைகள். வண்டியில் இருப்பவர் கண்ணில் படாது.

அந்தக் கடற்கரையைப் பராமரிக்கும் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் 2010ஆம் ஆண்டுத் திட்டப்படி, அடைகாக்கும் கூட்டிலிருந்து 75 மீட்டருக்குள் யாரும் நுழையக் கூடாது என்றிருந்தது. குஞ்சு பொரித்துவிட்டால் வண்டிகள் 1000 மீட்டரும் நடந்து வருபவர்கள் 300 மீட்டரும் தள்ளி நிற்க வேண்டியிருந்தது. (பின்னர் இந்தத் தூரங்களைக் குறைத்துவிட்டார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.) காரணம் இதுதான்: பொரித்த சில மணி நேரத்திலேயே குஞ்சுகள் கூட்டை விட்டு இரைதேடி நீர்விளிம்புக்கு ஓடத் தொடங்கிவிடும். பறக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஆபத்தை உணர்ந்தால் அசையாமல் பதுங்கிவிடும். சக்கரம் அழுத்திய பள்ளத்தில் இறங்கிய குஞ்சால் எளிதில் ஏறி வர முடியாது, பள்ளத்தோடேயே ஓடும். அடுத்த வண்டி வருவதும் அதே பள்ளத்தில்தான்.

ஆகவே இந்த எல்லை குஞ்சுகளோடு நகர்கிறது. ஊழியர்கள் எல்லையைக் காட்டும் கம்பையும் கயிற்றையும் பிடுங்கி வேறிடத்தில் நடுகிறார்கள். ‘மண்டலம்’ என்றால் இது யாருக்கும் விளங்காது.

‘பஃபர்’ என்பதற்கு ஏற்கெனவே உள்ள ‘தாங்கல்’ என்ற சொல் வேதியியலுக்குப் போய்விட்டது. தவிர, தாங்கல் என்றால் ஏரி. பறவைக் கட்டுரையில் அதைக் கண்டதும் வேடந்தாங்கல்தான் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை ‘விலகெல்லை’. விலக வேண்டியவர்கள் நாம் என்பது அதிலேயே இருக்கிறது. கூட்டைச் சுற்றியது முட்டை விலகெல்லை. பொரித்த பிறகு பார்ப்பு விலகெல்லை. பறவையின் இளமைப் பெயர்களாகத் தொல்காப்பியத்தின் மரபியல் என்ற பகுதி தருபவற்றில் ஒன்று ‘பார்ப்பு’.

---

> என் பரிந்துரை ‘விலகெல்லை’.

அருமை, ஐயா. ஏற்கிறேன். ஆனால் ‘பார்ப்பு’ வேண்டாம். இது நாளைக்கு ஓர் அறிவிப்புப் பலகையில் ஏற வேண்டிய சொல். வண்டியை ஓட்டிக்கொண்டே படிப்பவருக்கு ‘குஞ்சு’ என்றால்தான் சட்டென்று கால் பிரேக்குக்குப் போகும்.

---

பலகை என்று நீங்கள் சொன்ன பிறகு எனக்கு மறுப்பில்லை. குஞ்சு விலகெல்லை என்றே நம் சொற்பட்டியலில் சேர்க்கிறேன். அந்தக் கம்பு-கயிறு தடுப்புக்கு ‘அடையாள வேலி’ என்று எழுதியிருக்கிறேன். ‘கயிற்றுவேலி’ பொருத்தம் என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.