உருகுவே தலைநகர் மொன்டேவீடியோவில் நண்பர் வீட்டில் தங்கியவர்கள், மறக்காத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

தெற்குக்காற்று:
தோழி அங்கே பார்ரியோ சூர் என்ற பகுதியில் குடியிருக்கிறாள். நான் போனது ஜூலையில், அங்கே நல்ல குளிர்காலம். ஊர் சுற்றும் திட்டம் எதுவும் கிடையாது. நிதானமாக எழுவோம், ராம்ப்லாவில், அதாவது கரையோரச் சாலையில், நடப்போம், திரும்பி வந்து சமைப்போம், தூங்குவோம். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் விட்டுப்போகவில்லை.

அவள் தெருமுனையில் அட்டைப்பெட்டிகளையும் உடைந்த மரச்சட்டங்களையும் போட்டுத் தீ மூட்டியிருந்தார்கள். சுற்றிலும் காண்டோம்பே என்ற ஆப்பிரிக்க வழி தாளக்கலையின் முரசுகள், தோல் பக்கம் தீயைப் பார்க்கிற மாதிரி சாய்த்து வைத்திருந்தன. எழுபது வயது இருக்கும், ஒரு பெரியவர் தன் முரசை எடுத்து விரலால் தட்டினார், காதைச் சாய்த்துக் கேட்டார், திருப்தியில்லை போலிருக்கிறது, மறுபடி தீயருகே தள்ளினார். வைக்கோலைக் கொளுத்திப் பறை காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அதே தட்டல், அதே தலைசாய்ப்பு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "எங்கள் ஊரிலும் இப்படித்தான் தோலைச் சூடேற்றுவார்கள் என்று அவரிடம் சொல்" என்று தோழியிடம் சொன்னேன். அவள் ஸ்பானிஷில் சொன்னாள்.

பெரியவர் என்னையே பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அங்கே இதை யார் அடிப்பார்கள்?"

தோழி அதைத் தமிழில் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். யார் அடிப்பார்கள், யாரை அடிக்க வைத்தார்கள், இன்று யார் அதைத் தலைநிமிர்ந்து அடிக்கிறார்கள், எதிலிருந்து ஆரம்பிப்பது? நான் வாயைத் திறப்பதற்குள் முரசு ஊர்வலத்தின் முன்வரிசை நகர ஆரம்பித்துவிட்டது. அவர் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

உப்புத்தண்ணீர்:
நான் 2023 வறட்சியில் மாட்டிக்கொண்டவன். பாசோ செவெரினோ நீர்த்தேக்கம் வற்றிப்போய், ஆற்று முகத்துவாரத் தண்ணீரைக் கலந்து விட்டார்கள், குழாயைத் திறந்தால் உப்பு கரித்தது. செய்தியில் பார்த்திருப்பீர்கள். நண்பன் வீட்டில் சமையலறை மூலையில் பெரிய தண்ணீர் பாட்டில்கள் அடுக்கியிருந்தன. காலையில் எனக்கு டீ போட ஒரு புது பாட்டிலைத் திறந்தான். திரும்பிப் பார்த்தால் அவன் தன் மாட்டேவுக்கு (அந்த ஊர் கசப்பு இலைப் பானம்) குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறான். ஏன்டா என்றதற்கு, "நீ விருந்தாளி" என்று மட்டும் சொன்னான்.

2019ல் சென்னையில் லாரிக்குக் குடத்தோடு நின்றவன் நான். அந்த பாட்டில் என்ன விலை, தூக்கிக்கொண்டு மாடியேற எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த டீயை நான் சாதாரணமாகக் குடித்துவிட்டேன் என்று அவன் நினைத்திருப்பான். இல்லை.

கூடல்வாசி:
தெற்குக்காற்று, எனக்கு உடன்பாடில்லை. தோலைக் காய்ச்சுவதை வைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. பறைக்கு இரண்டு கையிலும் குச்சி. காண்டோம்பேவில் ஒரு கையில் குச்சி, இன்னொன்று வெறும் கை. சிகோ, ரெபிகே, பியானோ என்று மூன்று அளவு முரசுகள் சேர்ந்தால்தான் அங்கே தாளமே நிற்கும். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் பிள்ளைகள் காப்பாற்றிய கலை அது. பார்ரியோ சூரில் 'மெதியோ முந்தோ' என்ற கூட்டுக்குடியிருப்பு இருந்தது. ராணுவ ஆட்சியில் அதைக் காலி செய்ய வைத்தார்கள். 1978 டிசம்பர் 3 அன்று அங்கே கடைசியாக முரசு அடித்தார்கள், அப்புறம் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். இன்று அந்த நாள்தான் தேசிய காண்டோம்பே நாள். 2009ல் காண்டோம்பே யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் வந்தது.

நான் தங்கியது பொசிட்டோஸ் பகுதியில், கல்லூரி நண்பன் வீட்டில், பால்கனியில் உட்கார்ந்தே பொழுது போனது. போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஒன்பது மணிக்கு முன்னால் இரவுச் சாப்பாடு எதிர்பார்க்காதீர்கள், ஐந்து மணிவாக்கில் ஏதாவது வயிற்றுக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சைவம் என்றால் கவலை வேண்டாம், பீட்சா கடையில் ஃபைனா கேளுங்கள், கொண்டைக்கடலை மாவில் செய்வது. மாதம் 29ஆம் தேதி வீட்டுக்கு வீடு ஞோக்கி (உருளைக்கிழங்கு மாவு உருண்டை) சமைப்பார்கள், தட்டுக்கடியில் பணம் வைப்பது வழக்கம், நீங்களும் வையுங்கள். ஞாயிறு காலை திரிஸ்தான் நர்வாஹா சந்தைக்குப் போங்கள். கொலோனியா என்ற பழைய ஊருக்குப் பஸ்ஸிலேயே போய் வந்துவிடலாம். ஷமாதாஸ் என்ற பெரிய காண்டோம்பே ஊர்வலம் பார்க்க வேண்டுமானால் பிப்ரவரி. அப்புறம், மாட்டேவை எல்லோரும் ஒரே குழாயில் உறிஞ்சுவார்கள். எச்சில் பார்க்கிற ஆட்கள் ஆரம்பத்திலிருந்தே வாங்காமல் இருப்பது நல்லது.

தெற்குக்காற்று:
கூடல்வாசி, தாளம் ஒன்று என்று நான் எங்கே சொன்னேன்? மெதியோ முந்தோ பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, அந்தப் பெரியவர் ஏன் வேறெதையும் கேட்காமல் அதை மட்டும் கேட்டார் என்று இன்னும் நன்றாகப் புரிகிறது. அவருக்குப் பதில் ஓரளவு தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

வைகைக்கரை:
மாட்டே விஷயத்தில் கூடல்வாசியோடு நான் ஒத்துப்போக மாட்டேன். என் அம்மா டம்ளரைக்கூட அண்ணாந்துதான் குடிப்பார். அவரையும் அழைத்துக்கொண்டுதான் நண்பன் வீட்டில் தங்கினேன். ராம்ப்லா சுவரில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம், எதிரே அந்தப் பழுப்பு ஆறு, மறுகரையே தெரியாது. நண்பனின் மாமனார் பிளாஸ்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சுரைக்குடுக்கையில் ஊற்றி ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தார். அம்மா முறை வந்தது. நான் குறுக்கே கையை நீட்டினேன். அம்மா என் கையை விலக்கிவிட்டு வாங்கினார். குழாயை அசைக்காமல், அடியில் சர்ரென்று சத்தம் வரும்வரை உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கசப்பில் கண் சுருங்கியது, வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ராத்திரி கேட்டேன். "அவங்க வீட்டு மனுஷியா நினைச்சு நீட்டுறாங்க. நான் எச்சில் பார்த்தா அவர் முகம் என்னாகும்?" என்றார்.

அதனால் வாங்காதீர்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள், கூடல்வாசி. முடியாதவர்கள் தன் முறை வரும்போது சிரித்துக்கொண்டே வேண்டாமென்றால் அங்கே யாரும் கோபித்துக்கொள்வதில்லை. முடிந்தவர்கள் வாங்கிக் குடிக்கட்டும்.