மறக்கப்பட்ட நாயகர்களுக்குக் கிடைத்த தனித்தொடர்கள்: எதைப் படிக்கலாம்?

நண்பர்களே, வணக்கம். ஓர் உதவி வேண்டும்.

போன மாதம் அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் வெளியிட்ட அனிமல் மேன் தொடரைப் படித்தேன். இன்னும் அதிலிருந்து வெளியே வர முடியவில்லை. 1965-இல் அறிமுகமாகி, பெரிதாக யாரும் கண்டுகொள்ளாத ஒரு நாயகன். 1988-இல் எழுத்தாளர் கிராண்ட் மாரிசன் அவனைக் கையில் எடுத்தார். முதலில் நான்கே இதழ்கள் என்றுதான் திட்டம். அது நீண்டு, அவர் மட்டும் 26 இதழ்கள் எழுதினார். பக்கத்தில் இருக்கும் விலங்கின் ஆற்றலைக் கடன் வாங்குவான், அவ்வளவுதான் அவன் சக்தி. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ள சாதாரணக் குடும்பஸ்தன். விலங்குகள் படும் பாடு உறைக்க உறைக்க இறைச்சியையே விட்டுவிடுகிறான். ஐந்தாவது இதழைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பேட்மேனை வைத்து இப்படி ஒரு கதை சொல்லியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன். பெரிய நாயகர்களை அவ்வளவு மாற்ற விடமாட்டார்கள்.

இதேபோல் மறக்கப்பட்ட நாயகர்களின் தொடர்களை இன்னும் படிக்க ஆசை. சரி, என் கேள்விகள். 1994-இல் எழுத்தாளர் ஜேம்ஸ் ராபின்சன் தொடங்கிய டிசியின் ஸ்டார்மேனை, 1941-இல் வந்த பழைய ஸ்டார்மேனைப் பற்றி ஒன்றும் தெரியாமல் படிக்கலாமா? மார்வெலின் மூன் நைட்டுக்குப் பல தொடர்கள் இருக்கின்றனவே, எதில் தொடங்குவது? டிசியின் 12 இதழ் மிஸ்டர் மிராக்கிள் தொடரை ஏற்கெனவே படித்துவிட்டேன், அதைச் சொல்ல வேண்டாம்.

அப்புறம், 1972-இல் தமிழில் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த நம் இரும்புக்கை மாயாவி, அதாவது பிரிட்டிஷ் காமிக்ஸின் ‘ஸ்டீல் கிளா’. அவருக்கு இந்த அளவுக்குப் புதுத்தொடர் ஏதாவது ஆங்கிலத்தில் வந்திருக்கிறதா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.