ஐந்து மாதம் வெளிநாடு: வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதா, யாரையாவது தங்க வைப்பதா?

வசந்தா_மடிப்பாக்கம்

வணக்கம். நானும் என் கணவரும் அக்டோபர் முதல் வாரம் டாலஸ் போகிறோம். மகளுக்கு நவம்பரில் பிரசவம். மார்ச் தொடக்கத்தில்தான் திரும்புவோம்.

எங்களுடையது மடிப்பாக்கத்தில் தனி வீடு, 1996ல் கட்டியது. முன்பெல்லாம் இப்படிப் போவதற்கு யோசிக்கவே வேண்டியிருந்ததில்லை. 2014ல் சிங்கப்பூரில் மகன் வீட்டுக்கு இரண்டு மாதம் போனபோது, நாத்தனார் பையன் இங்கே தங்கிக் கல்லூரிக்குப் போய்வந்தான். சாப்பாடு எதிர்வீட்டு மாமி. இப்போது அவன் பெங்களூரில் இருக்கிறான். மாமியையும் அவர் பிள்ளை புனேவுக்கு அழைத்துப் போய்விட்டார். எங்கள் தெருவில் 14 வீடுகள், அதில் ஐந்து பூட்டிக் கிடக்கின்றன. மீதி வீடுகளில் எங்களைப் போல அறுபது தாண்டியவர்கள்தான்.

பூட்டிவிட்டுப் போக எனக்குப் பயம். திருட்டை விட மழைதான் பயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். எங்கள் வாசலில் இரண்டாம் படியோடு நின்றுவிட்டது. ஆனால் பக்கத்து வீடு பூட்டியிருந்தது. மொட்டை மாடியில் வேப்ப இலை போய்க் குழாயை அடைத்து, தண்ணீர் தேங்கி, மாடிப்படிக் கதவு வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. அவர்கள் பிப்ரவரியில் வந்து திறந்தபோது பீரோவில் இருந்த பட்டுப் புடவையெல்லாம் பூசணம். அந்த அம்மா படியில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன்.

அப்புறம் மணி. நாட்டு நாய், ஒன்பது வயது. மூட்டுவலிக்குத் தினம் ஒரு மாத்திரை. நாய் விடுதி ஒன்றை என் கணவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இரவு சாப்பிடவே இல்லை. "அந்தக் கூண்டில் மணி ஒரு வாரம் கூட இருக்க மாட்டான்" என்று மட்டும் சொன்னார்.

மகள் சொல்வது ஹவுஸ் சிட்டிங். அங்கெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் வந்து வீட்டில் தங்கி, நாயையும் செடியையும் பார்த்துக்கொள்கிறார்களாம். பணம் கிடையாது, தங்குவதற்கு இடம், அவ்வளவுதான். நம் ஊரில் இது நடக்குமா? உள்ளே வந்தவர்கள் வெளியே போக மாட்டேன் என்றால்? தினம் சாயங்காலம் சாமி விளக்கு ஏற்றச் சொல்லலாமா?

இன்னொன்று. என் கணவருக்கு ஓர் ஆசை. அமெரிக்காவில் இருக்கும்போது நாங்களும் யாராவது ஒருவர் வீட்டில் பூனை பார்த்துக்கொண்டு, பத்து நாள் சான் அன்டோனியோ சுற்றிப் பார்க்கலாம் என்கிறார். செய்யலாமா?

---

ராமு_கேகேநகர்

அம்மா, பூட்டிவிட்டே போங்கள். உங்கள் ஸ்டேஷனில் ஊருக்குப் போகும் தேதி, திரும்பும் தேதி, போன் நம்பர் எழுதிக் கொடுங்கள். ரோந்து வரும் காவலர் கையெழுத்துப் போட பட்டா புத்தகம் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். நகையை லாக்கரில் வையுங்கள். வாசலில் பால் பாக்கெட், பேப்பர் சேராமல் நிறுத்திவிடுங்கள். நாயை மட்டும் தெரிந்தவர்களிடம் விடலாம். தெரியாத ஆளிடம் சாவி கொடுப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

---

காவேரிக்கரை

வசந்தா அம்மா, நான் அந்தப் "தெரியாத ஆள்". அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பி.எஸ்.என்.எல். விருப்ப ஓய்வில் 2020 ஜனவரி 31 அன்று வெளியே வந்தவர்களில் நானும் ஒருவன். ஊர் கும்பகோணம். பிள்ளைகள் இருவரும் வெளியூர். 2022 முதல் நானும் என் மனைவியும் பிறர் வீட்டில் தங்கிப் பார்த்துக்கொள்கிறோம். முதல் வீடு கோயம்புத்தூர் சாய்பாபா காலனியில் நான்கு மாதம், என் பழைய மேலதிகாரியின் அண்ணன் வீடு. அடுத்தது புதுச்சேரியில் இரண்டு மாதம், இரண்டு பூனைகள். மூன்றாவது மறுபடி கோவை, வடவள்ளி, ஒரு லாப்ரடார். எல்லாமே ஒருவர் சொல்லி இன்னொருவர் என்று வந்தவைதான்.

முதலில் பணம். கோவைக்காரர் மாதம் எட்டாயிரம் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சம்பளம் வாங்கினால் நான் காவலாள். அப்புறம் இரவு பத்து மணிக்குப் போன் செய்து "பின்பக்கம் பெருக்கினீர்களா" என்று கேட்கும் உரிமை அவருக்கு வந்துவிடும். நானும் கடிகாரம் பார்த்து வேலை செய்வேன். சம்பளம் இல்லாவிட்டால் அது இரண்டு குடும்பத்துக்கு இடையிலான ஏற்பாடு. ஈ.பி. பில், நாய்ச் சாப்பாடு, மருத்துவர் செலவு வீட்டுக்காரருடையது. எங்கள் சாப்பாடு, கேஸ் எங்களுடையது. இதை முதல் நாளே பேசிவிடுகிறோம். எங்களுக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். ஓய்வூதியக்காரர்களுக்கு வாடகை இல்லாமல் புது ஊரில் நான்கு மாதம் இருப்பது பெரிய விஷயம். என் மனைவி மருதமலைக்கு வாரம் ஒருமுறை போய்வந்தாள்.

உங்கள் பயம் மழை என்று எழுதியிருக்கிறீர்கள். பூட்டிய வீடு எப்படிக் கெடுகிறது என்பதை மூன்று வீடுகளிலும் பார்த்துவிட்டேன். போர் மோட்டாரை மூன்று நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடமாவது ஓடவிட வேண்டும். மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் இறுகிப்போகும். பாத்ரூம் தரைத் துளையில் நிற்கும் தண்ணீர் வற்றிவிட்டால் கரப்பான் அந்த வழியாகத்தான் மேலே வரும், நாற்றமும் வரும். வாரம் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் போதும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர். மர நிலையில் கறையான் கோடு தெரிகிறதா என்று வாரம் ஒரு பார்வை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித் தொடங்கும். அதற்கு முன்பே மாடிக் குழாய் வாயை ஒருமுறையும், மழைக்காலத்தில் வாரம் இருமுறையும் கையால் இலை எடுக்க வேண்டும். சிசிடிவியில் இலையைப் பார்க்கலாம், எடுக்க முடியாது.

சிசிடிவி பற்றி ஒரு வருத்தம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டின் பெயரைச் சொல்லவில்லை. ஒரு வீட்டில் கூடத்தில் கேமரா இருப்பதை எங்களிடம் சொல்லவில்லை. மூன்றாம் வாரம் வீட்டுக்காரர் போனில், "மாமி மத்தியானம் சோபாவில் படுத்திருந்தாரே, உடம்பு சரியில்லையா" என்று கேட்டார். அவர் அக்கறையாகத்தான் கேட்டார். ஆனால் என் மனைவி அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் உட்காரவே இல்லை. வாசலிலும் கார் நிறுத்துமிடத்திலும் எத்தனை கேமரா வேண்டுமானாலும் வையுங்கள். உள்ளே இருப்பதைக் கழற்றுங்கள், அல்லது முன்கூட்டியே சொல்லி அணைத்துவிடுங்கள்.

மணி விஷயம். லாப்ரடார் முதல் இரண்டு நாள் தட்டைத் தொடவில்லை. வீட்டுக்காரர் கிளம்பிய அன்று மாலைதான் நாங்கள் போய்ச் சேர்ந்திருந்தோம், அது எங்கள் தவறு. இப்போதெல்லாம் வீட்டுக்காரர் இருக்கும்போதே மூன்று நாள் முன்னதாகப் போய் ஒன்றாகத் தங்குகிறோம். அவர்கள் கையால் தட்டை வைக்க, நாங்கள் பக்கத்தில் நிற்போம். இரண்டாம் நாள் நாங்கள் வைக்க, அவர்கள் நிற்பார்கள். மூன்றாம் நாள் அவர்கள் வெளியே போய்விடுவார்கள். வயதான நாய்க்கு இது ரொம்ப முக்கியம். மருத்துவரிடமும் ஒருமுறை எங்களை அழைத்துப் போகச் சொல்வேன். போனை நீங்கள் எடுக்காத நேரத்தில் எவ்வளவு ரூபாய் வரை சிகிச்சை செய்யலாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கும் எங்களுக்கும் அக்டோபரில் பத்தரை, நவம்பரிலிருந்து பதினொன்றரை மணி நேர வித்தியாசம் வரப்போகிறது.

உறவினர் விஷயத்தை மறந்துவிடாதீர்கள். புதுச்சேரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரின் மச்சினர் வந்து, மாடி அறையில் தன் பெட்டி இருக்கிறது, திறங்கள் என்றார். எனக்கு அவர் யார் என்றே தெரியாது. யார் யார் உள்ளே வரலாம் என்று ஒரு தாளில் பெயர் எழுதி வையுங்கள். வாசலில் வைத்து ஒருவரை "இல்லை" என்று அனுப்பும் சங்கடம் எங்களுக்கு வேண்டாம்.

விளக்கு கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் ஆளை ஒப்புக்கொள்வதற்கு முன்பே சொல்லுங்கள். வேறு மதத்தவராக இருக்கலாம், வீட்டு விலக்கு நாள் பார்ப்பவராக இருக்கலாம். வடவள்ளியில் என் மனைவி தினம் ஆறு மணிக்கு ஏற்றினாள், துளசிக்கும் தண்ணீர் விட்டாள்.

---

தேவி_ஹரோ

வசந்தா அக்கா, நான் லண்டன் ஹரோவில் இருக்கிறேன், பிறந்தது யாழ்ப்பாணம். எங்களிடம் இரண்டு பூனைகள். கடந்த மூன்று முறை சிட்டர்களை வைத்துவிட்டுத்தான் ஊருக்குப் போனோம்.

இங்கே இது வழமையாகிவிட்டது. 2010ல் இங்கிலாந்தில் தொடங்கிய டிரஸ்டட்ஹவுஸ்சிட்டர்ஸ் போன்ற தளங்களில் வீட்டுக்காரரும் சிட்டரும் ஆண்டுச் சந்தா கட்டுவார்கள். இருவருக்குள் காசு கைமாறாது. முன்பு தங்கிய வீட்டுக்காரர் எழுதிய மதிப்பீடுதான் சிட்டருக்கு மூலதனம், அதனால் அவர்கள் வீட்டைக் கண் போல வைத்திருப்பார்கள். நான் வீடியோவில் இரண்டு முறையாவது கதைக்காமல் யாரையும் எடுப்பதில்லை. பூனையைப் பற்றி அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கவனிப்பேன். வை-பை வேகத்தை மட்டும் கேட்பவர்களுக்கு நன்றி சொல்லிவிடுவேன்.

காப்புறுதிக்காகவும் இங்கே ஆள் வைக்கிறோம். வீடு தொடர்ந்து 30 அல்லது 60 நாள் ஆளில்லாமல் இருந்தால் பல பாலிசிகளில் தண்ணீர்க் குழாய் உடைவு, களவு போன்றவற்றுக்குப் பணம் தரமாட்டார்கள். உங்கள் பாலிசியிலும் ஆளில்லாத நாளுக்கு ஒரு கணக்கு இருக்கலாம், எடுத்து வாசியுங்கள். தங்கப் போகிறவர்கள் பற்றியும் நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.

ஐயாவின் சான் அன்டோனியோ ஆசை பற்றி. தயவுசெய்து வேண்டாம். 2022ல் ஓர் ஆஸ்திரேலியப் பெண், கனடாவில் பூனை பார்த்துக்கொள்ளப் போகும் வழியில் லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கினார். அமெரிக்காவிலும் முன்பு அப்படித் தங்கியிருக்கிறேன் என்று சொன்னதால் விசாரித்து, திருப்பி அனுப்பிவிட்டார்கள். சம்பளம் இல்லாவிட்டாலும், தங்குமிடத்துக்குப் பதிலாகச் செய்வதை வேலையாகப் பார்க்கிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்கக் கிடைத்த விசாவை ஒரு பூனைக்காகப் பணயம் வைக்காதீர்கள். ஹோட்டல் எடுத்து இரண்டு நாள் சுற்றிப் பார்த்து வாருங்கள்.

---

செங்கை_வக்கீல்

"வெளியே போக மாட்டேன் என்றால்?" என்ற கேள்விக்கு மட்டும் என் பதில்.

2012 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒரு கோவா வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சகோதரியின் வீட்டில் பராமரிப்பாளராகத் தங்கிய சகோதரர் வீட்டை விட மறுத்த வழக்கு, மரியா மார்கரிடா வழக்கு என்போம். காவலாளோ பராமரிப்பாளரோ வேலையாளோ எத்தனை காலம் தங்கினாலும் சொத்தில் உரிமை வராது, உரிமையாளர் கேட்டால் உடனே ஒப்படைக்க வேண்டும் என்பது தீர்ப்பு. பன்னிரண்டு வருடம் இருந்தால் வீடு அவர்களுக்கே என்ற பேச்சு, உங்கள் அனுமதியுடன் தங்கியவருக்குப் பொருந்தாது.

ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் கோர்ட்டுக்கு நடப்பது உங்கள் கால்தான். அதனால் முத்திரைத்தாளில் இரண்டு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். அதில் வாடகை, அட்வான்ஸ் என்ற சொற்களே வரக்கூடாது, அப்படி எதுவும் வாங்கவும் கூடாது. வாங்கினால் வாடகைதாரர் என்ற வாதத்துக்கு இடம் கொடுத்துவிடுவீர்கள், 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் உள்ளே வரும். "வீட்டையும் நாயையும் பார்த்துக்கொள்ள, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை தங்க அனுமதி" என்று இருக்கட்டும். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் 52ஆம் பிரிவு சொல்லும் அனுமதி அதுதான். ஓர் அறையைப் பூட்டி உங்கள் பொருளை அதில் வைத்திருங்கள். அவர்களுடைய ஆதார் நகலை ஸ்டேஷனில் கொடுங்கள். ரேஷன் அட்டை, கேஸ் எதையும் உங்கள் விலாசத்துக்கு மாற்றக்கூடாது என்பதையும் எழுதுங்கள்.

---

வசந்தா_மடிப்பாக்கம்

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

சான் அன்டோனியோவை ஹோட்டலுக்கு மாற்றிவிட்டோம். தேவி சொன்னதைப் படித்துக் காட்டியதும் என் கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

என்னோடு பள்ளியில் வேலை பார்த்த தமிழ் டீச்சரின் தம்பியும் மனைவியும் திண்டுக்கல்லில் இருக்கிறார்கள். அவருக்கு இங்கே கண் சிகிச்சைக்கு மாதம் ஒருமுறை வர வேண்டியிருக்கிறது. ஐந்து மாதம் தங்கச் சம்மதம். இரண்டு முறை வீடியோவில் பேசினோம். அந்த அம்மா முதலில் கேட்டது மணிக்கு இடியென்றால் பயமா என்றுதான். ரொம்பப் பயம், தீபாவளிக்குக் கட்டிலுக்கு அடியில்தான் இருப்பான். இந்தத் தீபாவளிக்கு நாங்கள் பக்கத்தில் இருக்க மாட்டோம் என்பதால் அதைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

காவேரிக்கரை ஐயா, மூன்று நாள் போதாது என்று தோன்றியதால் ஒரு வாரம் முன்னதாக வரச் சொல்லியிருக்கிறேன். பத்திரம் எழுதியாயிற்று. கூடத்துக் கேமராவை நேற்று எலக்ட்ரீசியன் கழற்றிவிட்டார். உள்ளே வரலாம் என்ற பட்டியலில் நான்கு பேர்தான். என் கொழுந்தனார் பெயர் அதில் இல்லை. அதை அவரிடம் சொல்லும் வேலை மட்டும் பாக்கி, இந்த வாரம் சொல்லிவிடுவேன்.

ஒரே ஒரு சந்தேகம். மாத்திரையைத் தயிர்சாத உருண்டைக்குள் வைத்தால்தான் மணி விழுங்குவான். வேறு கையால் கொடுத்தால் சாதத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிவிடுகிறான். யாருக்காவது வேறு வழி தெரியுமா?

---

காவேரிக்கரை

நிலக்கடலை வெண்ணெய் வாங்கிப் பாருங்கள், பல்லில் ஒட்டிக்கொள்ளும், துப்ப வராது. சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதில் சேர்க்கும் இனிப்பு) சேர்க்காததா என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள், அது நாய்க்கு விஷம். முதல் உருண்டை மாத்திரை இல்லாமல், இரண்டாவதில் மாத்திரை, மூன்றாவதை மூக்கருகே காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அம்மா வந்ததும், நீங்கள் இருக்கும்போதே நான்கு நாள் செய்யச் சொல்லுங்கள்.