கோத்தகிரி வீட்டுக் குழு: ரத்தக்கட்டுக்கு எந்தத் தைலம்?

சித்தி: தம்பி காலையில் தேயிலைக் கொழுந்து மூட்டையோடு இறங்கும்போது வழுக்கி விழுந்துவிட்டான். தொடை கன்றி நீலமாக இருக்கிறது. படம் போடுகிறேன், பாருங்கள்.

சித்தி: (புகைப்படம்)

பெரியப்பா: காலை ஊன்றி நடக்கிறானா?

தம்பி: நடக்கிறேன் பெரியப்பா. படி ஏறும்போதுதான் இழுத்துப் பிடிக்கிறது.

மேட்டுப்பாளையம் மாமா: நாட்டு மருந்துக் கடையில் மூசாம்பரம் (காய்ந்த கற்றாழைப் பால்) வாங்கி, உரசிச் சுடவைத்துப் பற்றுப் போடுங்கள். எங்கள் பக்கம் அடிபட்டால் முதலில் அதுதான்.

சித்தி: அதற்கு மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும் அண்ணா. வீட்டில் விண்டர்கிரீன் தைலம் இருக்கிறது, ஊட்டியில் வாங்கியது. நன்றாகச் சூடு பறக்கத் தேய்த்துவிடட்டுமா?

ஊட்டி அக்கா: வேண்டாம் சித்தி, இன்றைக்குத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். உள்ளே சின்ன ரத்தக்குழாய்கள் உடைந்து கசிந்துகொண்டிருக்கும். அழுத்தித் தேய்த்தாலும் சூடு வைத்தாலும் கசிவு கூடும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் விட்டு மறுபடியும். காலைத் தலையணை மேல் தூக்கி வைக்கட்டும். மாமா சொன்ன பற்றும் சூடானதுதான், அதையும் முதல் இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள்.

தம்பி: என்னோடு பந்து விளையாடும் பையன் ஆர்னிகா ஜெல் போடச் சொல்கிறான்.

ஊட்டி அக்கா: போடலாம், தோல் கிழியாமல் இருந்தால் மட்டும். அது ஐரோப்பிய மலைகளில் பூக்கும் மஞ்சள் பூ, சாமந்தி குடும்பம். சாமந்தி பட்டால் உனக்கு அரிக்கும் என்றால் தொடாதே. கை மூட்டுத் தேய்மான வலிக்கு ஐபுபுரூஃபன் என்ற வலி மருந்து ஜெல் அளவுக்கு உதவியதாக ஆய்வு உண்டு. ரத்தக்கட்டுக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தப் பூவைக் கஷாயம் வைத்துக் குடிக்கிறேன் என்று யாரும் இறங்கிவிட வேண்டாம், அது விஷம்.

பெரியப்பா: நம் மலையிலேயே இருக்கும் செடியை விட்டுவிட்டு அது எதற்கு? சோலை ஓரத்தில் புதர் மாதிரி நிற்கும், இலையைக் கசக்கினால் வலி மருந்து ட்யூப் வாசனை அப்படியே வரும். அதுதான் விண்டர்கிரீன். அந்த ட்யூப்களில் கந்தபூரா தைலம் என்று போட்டிருப்பதும் இதைத்தான். பறித்த இலையில் எண்ணெய் அப்படியே கிடைக்காது. வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட வேண்டும், அப்போதுதான் இலைக்குள் கட்டுண்டிருக்கும் சத்து பிரியும். அதற்குப் பிறகுதான் காய்ச்சி வடிப்பது. நான் நின்று பார்த்த வேலை இது, நல்ல மருந்து என்று அடித்துச் சொல்வேன்.

ஊட்டி அக்கா: நல்ல மருந்துதான் பெரியப்பா, அதனால்தான் பயமும். அந்த எண்ணெயில் கிட்டத்தட்ட முழுவதும் மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினுக்கு உறவுக்காரன். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். ஒரு குழந்தை அதைக் குடித்தால் உயிருக்கே ஆபத்து. சித்தி, பாப்பா எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டாள். பாட்டிலை இப்போதே மேல் தட்டில் ஏற்றுங்கள்.

சித்தி: ஏற்றிவிட்டேன். ஆனால் இங்கே இரண்டு பாட்டில் இருக்கிறது, இரண்டிலும் லேபிள் அழிந்துவிட்டது. ஒன்று நீலகிரித் தைலம். எது எது?

பெரியப்பா: ஒரு டம்ளர் தண்ணீரில் ஒவ்வொரு சொட்டு விட்டுப் பார். அடியில் போய் உட்கார்ந்தால் விண்டர்கிரீன், மேலே மிதந்தால் நீலகிரித் தைலம்.

சித்தி: சின்ன பாட்டில் சொட்டு அடியில் போய்விட்டது!

ஊட்டி அக்கா: அதன் மேல் இப்போதே பெயர் எழுதி ஒட்டுங்கள். அந்தத் தண்ணீரையும் கொட்டிவிடுங்கள்.

சித்தி: தாத்தாவும் முட்டி வலி என்கிறார். அவருக்கு இதைத் தடவலாமா?

ஊட்டி அக்கா: கூடாது சித்தி. இதய வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். இந்த எண்ணெய் தோல் வழியாகவே ரத்தத்தில் கலக்கும், மாத்திரையின் வேகத்தைக் கூட்டிவிடும். தடவிக்கொண்டே இருந்தவர்களுக்கு ரத்தக்கசிவு வந்திருக்கிறது. வெளியில் பூசுவதுதானே, என்ன ஆகிவிடும் என்று எல்லோரும் நினைக்கிறோம். பூசினாலும் மருந்து மருந்துதான். கடையில் விற்கும் வலி ட்யூப்பும் அவருக்கு வேண்டாம், பலவற்றில் இதுதான் இருக்கிறது.

மேட்டுப்பாளையம் மாமா: அப்போ அவருக்கு நொச்சி இலை ஒத்தடம்? இங்கே வேலி முழுக்க நொச்சிதான்.

ஊட்டி அக்கா: இலையை வதக்கித் துணியில் கட்டி, சூட்டைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கலாம் மாமா. அவர் தோல் மெல்லிசு. உள்ளுக்கு எதுவும் கொடுக்க வேண்டாம்.

மேட்டுப்பாளையம் மாமா: சரி, நாளைக் காலை பஸ்ஸில் ஒரு கட்டு கொடுத்து அனுப்புகிறேன்.

தம்பி: எனக்கு எப்போதுதான் தைலம்?

ஊட்டி அக்கா: மூன்றாம் நாள், வீக்கம் வடிந்த பிறகு. ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயில் இரண்டே சொட்டு. மெதுவாகத் தடவு. அதன் மேல் வெந்நீர்ப் பையும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம், தோல் வெந்துவிடும். சிராய்ப்பு இருக்கும் இடத்தில் படக்கூடாது. நீலம் பச்சையாகி மஞ்சளாகி மறைய இரண்டு வாரம் ஆகும், அதைப் பார்த்துப் பயப்படாதே. தொடை கல் மாதிரி இறுகினாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ, கால் மரத்தாலோ ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு.

பெரியப்பா: நாளைக்குக் கொழுந்து எடுக்க நான் ஆள் அனுப்புகிறேன். அவனைத் தோட்டத்துப் பக்கம் விடாதே.

சித்தி: சரிங்க. ஐஸ் வைத்தாயிற்று.