கூப்பர் கிரீக்கில் கூடாரமும் பறவைகளும்: ஜூலையில் நான்கு இரவு

நத்தைகுத்தி:
வணக்கம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து ஸ்ட்ரெஸ்லெக்கி டிராக் என்னும் பாலைவனப் பாதை வழியாக இன்னமிங்கா என்ற சிற்றூருக்குப் போய், கூப்பர் கிரீக் ஆற்றின் கலியமுரா மடுவில் நான்கு இரவு தங்கத் திட்டம். இரண்டு பேர், ஒரு ஃபோர் வீல் டிரைவ், தரைக் கூடாரம். கூடாரத்தை எங்கே அடிக்கலாம்? பறவைகளுக்கு எப்போது உட்காரலாம்? தண்ணீர் எவ்வளவு வேண்டும்?

கூலிபா நிழல்:
முதலில் மரத்தைப் பாருங்கள். கரையோர ரிவர் ரெட் கம் என்ற யூகலிப்டஸ் மரத்தின் நிழல் ஆசை காட்டும். ஆனால் காற்றே இல்லாத நாளிலும் தடித்த கிளையை உதிர்க்கும் மரம் அது. கிளை வீச்சுக்கு வெளியே, நீர்விளிம்பிலிருந்து 50 மீட்டராவது தள்ளி மேட்டில் அடியுங்கள். கூடாரம் விளிம்பில் இருந்தால் நீர் குடிக்க வரும் பறவைகள் இறங்காமல் கிளையிலேயே காத்திருக்கும், பாவம்.

வெள்ளமும் உண்டு. குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் தாம்சன், பார்க்கூ ஆறுகள் கூடித்தான் கூப்பர் ஆகிறது. அங்கே பெய்த மழை வாரக்கணக்கில் நகர்ந்து, இங்கே வெயில் காயும்போது வந்து சேரும். புறப்படுமுன் மேலே ஆற்றுமட்டம் என்ன என்று வானிலைத் துறைத் தளத்தில் பாருங்கள்.

கூடாரக் கயிற்றைக் கட்டும் சாதாரணக் கம்பி முளை மணலில் பிடிக்காது, 30 செ.மீ.க்கு மேல் நீளமான, அகலமான மணல் முளை வாங்குங்கள். விரிப்பு போடுமுன் தரையில் நெருஞ்சி முள் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், ஊதும் மெத்தை ஒரே இரவில் போய்விடும்.

மணல்மேடு:
விடிந்து முதல் இரண்டு மணி நேரம்தான் பொன்னான நேரம். சூரியன் முதுகில் படும்படி, புதர் ஓரமாக உட்காருங்கள். நம்மூர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் பட்ஜரிகர் இங்கே காட்டுப் பறவை. கூட்டமாகச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் நீரில் இறங்கும். அந்த நேரத்தில் நீங்கள் எழுந்தால் மொத்தக் கூட்டமும் போய்விடும். ஜீப்ரா ஃபின்ச் பகல் முழுக்க வரும். பிரான்ஸ்விங் புறாவுக்கு அந்தி மங்கும்வரை பொறுத்திருங்கள். கூழைக்கடா, நீர்க்காகம், கள்ளப்பருந்து எல்லாம் தேடாமலே கிடைக்கும்.

லெட்டர் விங்ட் கைட் என்ற பருந்து பகலில் கூலிபா மரத்துக்குள் அடைந்து, இரவில் எலி வேட்டையாடும். எலி பெருகிய ஆண்டில் மட்டும் நம்பிக்கை வையுங்கள்.

வழியில் மான்டெகொலினா போர் என்னும் ஆழ்துளைக் கிணற்றருகே கட்டாயம் நிறுத்துங்கள். மணல்மேட்டுக் கேன்கிராஸ் புல்புதர்களில் ஐரியன் கிராஸ்ரென் என்ற சிறு பறவை இருக்கிறது. காற்று எழுந்தால் புல்லை விட்டு வெளியே வராது, ஆகவே அதிகாலையிலேயே போய்விடுங்கள். அதை வரவழைக்க அதன் குரல் ஒலிப்பதிவை மட்டும் போடாதீர்கள், தயவுசெய்து.

நத்தைகுத்தி:
மிக்க நன்றி. 20-60 மடங்கு பெருக்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப் (தாங்கியில் வைக்கும் தொலைநோக்கி) கொண்டுவரலாமா?

மணல்மேடு:
கொண்டுவாருங்கள். ஆனால் வெயில் ஏறியதும் கானல் ஆடும். 30க்கு மேல் பெருக்கினால் பறவை கலங்கிவிடும். 8x42 பைனாகுலர்தான் அதிகம் உழைக்கும்.

சரளைப்பாதை:
தண்ணீர்க் கணக்கு: ஆளுக்கு நாளைக்கு 7 லிட்டர். பயணத்தோடு ஆறு நாள் என்றால் 84. மழை பெய்து பாதை மூடினால் மூன்று நாள் மாட்டிக்கொள்ளலாம், அதற்கு 42. ஏழு 20 லிட்டர் கேன்களாகப் பிரியுங்கள், ஒன்று ஒழுகினாலும் மீதி தப்பும். மூடிய பாதையில் ஓட்டினால் கடும் அபராதம்.

டிராக் தொடங்கும் லிண்ட்ஹர்ஸ்டிலிருந்து இன்னமிங்கா ஏறக்குறைய 470 கி.மீ., நடுவில் எரிபொருள் நிரப்ப முடியாது என்று வைத்தே டாங்கை நிரப்புங்கள். சரளைக்கு டயர் காற்றை 28 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்து மணிக்கு 80 கி.மீ.க்குள் ஓட்டுங்கள். கூர்ங்கல் பக்கவாட்டைக் கிழிக்கும், அதற்கு ஒட்டு நிற்காது. ஸ்டெப்னி இரண்டு வேண்டும். போன் சிக்னலை நம்பாமல் சாட்டிலைட் போன் எடுங்கள்.

சமையலுக்கு கேஸ் அடுப்பு போதும். பட்டமரங்களின் பொந்துகளிலும் கொரெல்லா என்ற வெள்ளைக் கிளியும் பட்ஜரிகரும் குஞ்சு பொரிக்கின்றன. விழுந்து கிடக்கும் கட்டையைக்கூட விறகுக்கு எடுக்காதீர்கள்.