மறு: ‘குளிர்காலப் பராமரிப்பு’ என்று போட்டேன், மதுரையில் யாரும் படிக்கவில்லை

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

போன வருடம் இங்கே கேட்டு வாங்கிப்போன ஒரு சொல்லைப் பற்றிப் புகார் சொல்ல வந்திருக்கிறேன். புகார் உங்கள் மேல் இல்லை, என் மேல்தான்.

விளக்குத்தூண் பக்கம் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் ஒருவர், பங்குனி பிறந்ததும் வீட்டு நீச்சல்குளம் விற்பார். இரும்புக் குழாய்ச் சட்டத்தை வட்டமாகப் பூட்டி, அதில் தடித்த பிவிசி தார்ப்பாயைக் கோத்து, தரைக்கு மேலேயே நிற்கிற குளம். கூட வரும் கையேட்டை நாலு பக்கத் தமிழ்த் துண்டுப் பிரசுரமாக்கித் தரச் சொன்னார். அதில் ‘விண்டரைசிங்’ (winterizing, குளிர்காலத்துக்குத் தயார்செய்தல்) என்று ஒரு பகுதி. குளத்தைக் காலி செய்து, கழுவி, காயவைத்து, மடித்து, அடுத்த பருவம் வரைக்கும் பத்திரப்படுத்துவது எப்படி என்பதுதான் விஷயம். நான் ‘குளிர்காலப் பராமரிப்பு’ என்று போட்டேன். குழுமத்திலும் இரண்டு பேர் சரி என்றீர்கள். அச்சடித்தாயிற்று.

அந்தப் பக்கத்தை ஒருவரும் படிக்கவில்லை. ஏன் படிக்கப்போகிறார்கள்? மார்கழி விடியலில் 20 டிகிரிக்கு இறங்கினாலே குரங்குக் குல்லா தேடுகிற ஊர் இது. என் அக்கா வீட்டிலேயே மச்சான் தலைப்பைப் பார்த்தார், “இது பனி பெய்யிற ஊர்க்காரனுக்கு மாப்ள” என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார். போன ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் தண்ணீரைத் திறந்துவிட்டு, தார்ப்பாயை ஈரத்தோடு சுருட்டி, பின்பக்கத் தகரக் கொட்டகையில் போட்டார்கள்.

இந்தப் பங்குனியில் அதை வெளியே இழுத்தபோது நானும் இருந்தேன். மடிப்போடு மடிப்பு ஒட்டிப்போயிருந்தது. இழுத்தால், பழகாத கல்லிலிருந்து தோசையைப் பெயர்க்கிற மாதிரி ‘சர்ர்’ என்று சத்தம். வெளிப்பூச்சு ஒரு பக்கம் உரிந்து மறுபக்கத்தோடு போனது. உள்ளே கரும்புள்ளிப் பூஞ்சை. நடு மடிப்பில் எலி ஒன்று பஞ்சும் நூலும் சேர்த்துக் குடித்தனம் நடத்தியிருந்தது. அது வாசலாக வைத்துக்கொண்ட ஓட்டையில் என் கை தாராளமாக நுழைந்தது. குழாய் முனைகள் ஈரத்தில் துருவேறி இணைப்புக்குள்ளேயே இறுகிவிட்டன. அக்கா மகள் ஓட்டை வழியாக என்னைப் பார்த்து, “மாமா, இதுல தண்ணி நிக்குமா?” என்று கேட்டாள்.

அன்றைக்கு ராத்திரி கையேட்டைத் திரும்பப் படித்தேன். அதில் சேமிப்பிடத்தின் வெப்பநிலை 0 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. எழுதியவன் மனதில் இருந்தது அந்த 0. நமக்கு ஆபத்து அந்த 40. குளம் கொட்டகைக்குப் போகிற ஜூனிலும் மதுரையில் நிழலிலேயே 40 தொடுகிற நாட்கள் உண்டு. தகரக் கூரைக்கு அடியில் கேட்கவே வேண்டாம். அதே பக்கம், அதே எச்சரிக்கை, நமக்கும் பொருந்துகிறது, ஆனால் நேரெதிர் காரணத்தால். தலைப்பில் நான் ‘குளிர்’ என்று எழுதியதுதான் கெடுத்தது.

நம் ஊரில் குளத்தைப் பிரிப்பதற்குக் குளிர் காரணமே இல்லை. லீவு முடிகிறது, அதனால் பிரிக்கிறோம். பிரிக்காமல் விட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கொசு வரும். அது நல்ல தண்ணீரில் முட்டையிடுகிற ஏடிஸ் கொசு. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அது முட்டையை ஒட்டுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. ஆக, மடிப்பதற்கு முன் அந்த விளிம்பைத் தேய்த்துக் கழுவாவிட்டால் அடுத்த கோடையில் தண்ணீரோடு சேர்த்துக் கொசுவையும் நிரப்புகிறோம். இதுவும் அந்தப் பக்கத்தில் வரவேண்டியது. ‘குளிர்காலம்’ என்ற தலைப்புக்குக் கீழே இதை எப்படி எழுதுவது?

அதனால் என் யோசனை. ஆங்கிலச் சொல் பருவத்தைச் சொல்கிறது. தமிழில் செயலைச் சொல்வோம். ஏறக்கட்டல். “கடையை ஏறக்கட்டுப்பா, நேரமாச்சு” என்பது நாம் அன்றாடம் கேட்கிற பேச்சு. பரப்பி வைத்ததைத் திரட்டி, கட்டி, எடுத்துவைப்பது என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. பருவம் தேவையானால் முன்னால் ஒட்டிக்கொள்ளலாம்: பனிக்கால ஏறக்கட்டல், மழைக்கால ஏறக்கட்டல்.

குளத்துக்கும் ஒரு சொல் வேண்டும். முன்பு ‘மேல்நிலைக் குளம்’ என்று எழுதியிருந்தேன். கடைக்காரரிடம் ஒருவர், “மொட்டைமாடிக்குத்தானே?” என்று கேட்டாராம். தப்பு அவர்மேல் இல்லை, ‘மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி’ என்று ஊர் ஊராக எழுதி வைத்திருக்கிறார்களே. இரண்டு அடித் தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு 600 கிலோ. ஒரு சொல் மாடியையே இறக்கிவிடும். ‘மடக்குக்குளம்’ என்று வைக்கலாமா? மடக்குக்கட்டில், மடக்குக்கத்தி இருக்கிறதே, அந்த வரிசை. மடக்கி வைக்க வேண்டியது என்பதைப் பெயரே சொல்லிவிடும். ஒரே சங்கடம், போனில் சொன்னால் இந்த ஊரில் எல்லாருக்கும் ‘மாடக்குளம்’ என்றுதான் காதில் விழும். அந்தக் கண்மாயை யாரும் மடக்க முடியாது.

உங்கள் கருத்து வேண்டும்.
ஆனையூர், மதுரை

---

தம்பிக்கு வணக்கம்.

மடக்குக்குளம் நல்ல சொல். ஆனால் இங்கே டொரன்டோவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற குளத்தை மடக்க ஏலாது. உருக்குத் தகட்டுச் சுவர், அதற்குள் விரிப்பு. குளிர் தொடங்கமுதல் தண்ணீரைக் கொஞ்சம் இறக்கி, பம்பையும் வடிகட்டியையும் கழற்றி உள்ளே கொண்டுபோய், குழாய்களில் ஒரு சொட்டும் தங்காமல் வடித்து, மேலே போர்வை போட்டு இழுத்துக் கட்டிவிடுவோம். மிச்சத் தண்ணீர் உள்ளேயே கிடக்கும். முழுக்கத் திறந்துவிட்டால் விரிப்பு சுருங்கிப்போகும், வெறுஞ்சுவரைக் காற்றும் சாய்த்துவிடும். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருக்கும். பம்புக்குள் ஒரு கோப்பை மிஞ்சினாலே காணும், வெடித்துவிடும். போர்வைக்கு அடியில் காற்றடைத்த தலையணை ஒன்றை மிதக்கவிடுவதும் அதற்குத்தான்: பனிக்கட்டி நெரிக்கிறதென்றால் சுவரை விட்டுத் தலையணையை நெரிக்கட்டும்.

நாங்கள் விண்டரைசிங் என்று சொல்லுவது இதை. நீங்கள் சொல்லுவது கழற்றிக் கட்டிவைக்கிறது. இரண்டு வேலைக்கும் ஒரு சொல்லைப் போடாதேயுங்கோ, அகராதி பார்க்கிறவன் குழம்பிப்போவான்.

---

மதுரைத் தம்பிக்கு, காரைக்குடியிலிருந்து.

‘ஏறக்கட்டு’ எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் பக்கம் “அவன் கடையை ஏறக்கட்டிட்டான்” என்றால் நொடித்துப்போய் மூடிவிட்டான் என்று அர்த்தம். பத்தாயிரம் கொடுத்துக் குளம் வாங்கியவரிடம் ‘ஏறக்கட்டும் முறை’ என்று காகிதம் நீட்டினால் நன்றாகவா இருக்கும்?

கல்யாணம் முடிந்தால் அண்டா, குண்டான் எல்லாம் புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, வெயில் காட்டி, உள்ளே எடுத்து வைக்கிறோம். அதற்கு யாரும் கலைச்சொல் கேட்டதில்லை. ‘எடுத்துவைத்தல்’ என்றுதான் சொல்கிறோம். அது போதாதா?

---

டொரன்டோ ஐயாவுக்கும் காரைக்குடி அம்மாவுக்கும் நன்றி. இருவரும் சேர்ந்து என் சொல்லைப் பாதி ஏறக்கட்டிவிட்டீர்கள்.

> இரண்டு வேலைக்கும் ஒரு சொல்லைப் போடாதேயுங்கோ

ஒத்துக்கொள்கிறேன், ஐயா. தண்ணீரோடு நிறுத்திவைத்து உறைவிலிருந்து காப்பது வேறு. அதற்கு உறைகாப்பு என்று வைப்போம். ‘பனிக்காப்பு’ என்றுதான் முதலில் எழுதினேன். ஆனால் மதுரையில் பனி என்றால் தை மாத விடியலில் கம்பியில் துளித்து நிற்பது, அது எந்தப் பம்பையும் உடைக்காது. உறைகாப்பில் இன்னொரு வசதி, நீங்கள் இழுத்துக் கட்டுகிற போர்வையும் ஓர் உறைதானே. மடக்குக்குளம் என்பதைத் துணிக் குளத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, உங்கள் தகட்டுச் சுவரையும் சேர்த்துப் பொதுவாகச் சொல்ல ‘தரைமேல் குளம்’ என்றே விட்டுவிடலாம்.

> அது போதாதா?

அம்மா, இந்தக் கேள்விக்கு இரண்டு நாள் பதில் தேடினேன். ‘எடுத்துவை’ மிகவும் அகலம். சாவியையும் எடுத்துவைக்கிறோம், சாப்பாட்டையும் எடுத்துவைக்கிறோம். பிரிக்க வேண்டும் என்பது அதில் இல்லை. பந்தல்காரர்களைப் பாருங்கள். சித்திரைத் திருவிழா முடிந்த மறுநாள் அவர்கள் பேசுவது ‘பந்தல் பிரிப்பு’. அதை உங்கள் சொல்லோடு சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது: பிரித்து எடுத்துவைத்தல். கலைச்சொல் மாதிரியே இல்லை என்று சிலருக்குத் தோன்றும். எனக்கும் கொஞ்சம் ஏமாற்றம்தான், ஏறக்கட்டலை ரொம்ப ஆசையாகக் கொண்டுவந்தேன். ஆனால் மச்சானிடம் மூன்று தலைப்பையும் நீட்டினேன். இதை மட்டும்தான் அவர் நிறுத்திப் படித்தார், அதுவும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு.

புதிய பக்கத்தில் தலைப்புக்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

“குளோரின் போடுவதை நிறுத்தி, மூடாமல் இரண்டு மூன்று நாள் வெயிலில் விடுங்கள், ஒரு வாரத்துக்கு மேல் விடாதீர்கள், கொசு வரும். 10 அடி அகலக் குளத்தில் 2 அடித் தண்ணீர் ஏறத்தாழ 4,450 லிட்டர், குடத்துக்கு 15 லிட்டர் என்றால் 300 குடம். சாக்கடைக்கு விடாமல், மடையில் ஹோஸைப் பூட்டித் தென்னைக்கோ வாழைக்கோ பாய்ச்சுங்கள். தண்ணீர் நின்ற விளிம்பைத் தேய்த்துக் கழுவுங்கள். மடிப்பு, தையல், குழாய் வாய் எல்லாம் ஈரமில்லாமல் காயட்டும். காய்ந்ததும் எடுத்துவிடுங்கள், உச்சி வெயிலில் நாள்கணக்கில் கிடந்தால் தார்ப்பாய் மொரமொரப்பாகிவிடும். ஒட்டாமல் இருக்க டால்கம் பவுடர் தூவி, தளர்வாக மடியுங்கள். தகரக் கொட்டகை வேண்டாம், வீட்டுப் பரணில் எலி எட்டாத இடமாக வையுங்கள்.”

தண்ணீர் வெளியேறும் வாய்க்கு ‘மடை’ என்று போட்டிருக்கிறேன், கவனித்திருப்பீர்கள். கண்மாய்க்கு எது மடையோ, குளத்துக்கும் அதுதான். சின்னதாக இருக்கிறது, அவ்வளவே. அதை அடைக்கிற மூடி ‘மடைத்தக்கை’. இதைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை, கேட்டால் ‘வடிகால் அடைப்பான்’ என்று யாராவது சொல்லிவிடுவீர்களோ என்று பயம்.

இன்னும் ஒன்று பாக்கி. மூன்று குழாய் சேருகிற இணைப்பை பிளம்பர்கள் ‘டீ’ என்கிறார்கள். ‘ஒவ்வொரு டீயையும் கழற்றித் துடைக்கவும்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மச்சான் ‘முச்சந்தி’ என்று போடச் சொல்கிறார். சிரித்துவிட்டுத்தான் வந்தேன், ஆனால் வண்டியில் வரும்போதெல்லாம் அதே நினைப்பு. அச்சுக்கு வெள்ளிக்கிழமை போகிறது.

ஆனையூர், மதுரை