புதுப்பிப்பு: புது ஆல்டோவா, பழைய வேகன் ஆரா? முடிவு எடுத்தாச்சு

கோவைக்குள் ஓட்ட புது ஆல்டோ கே10 வாங்கலாமா, அதே பணத்துக்குள் 2019 வேகன் ஆர் எடுக்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வேகன் ஆரையே எடுத்துவிட்டோம். அம்மாவுக்கு மூட்டுவலி, இருக்கை உயரமாக இருப்பதால் சிரமமில்லாமல் ஏறி இறங்குகிறார். பாதி முடிவு அதிலேயே ஆகிவிட்டது.

ரொம்பவும் உதவியது, "வண்டி எண்ணை வாகன் தளத்தில் (அரசின் வாகனப் பதிவு இணையதளம்) போட்டுப் பாருங்கள்" என்ற யோசனை. கடனை அடைத்துவிட்டதாக விற்றவர் சொன்னார். அது உண்மைதான், ஆனால் ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்றிதழ்) வங்கியின் பெயர் அப்படியே இருந்தது. வங்கியின் தடையில்லாச் சான்றையும் படிவம் 35-ஐயும் கொடுத்து அவர் அதை நீக்கிய பிறகே மீதிப் பணத்தைக் கொடுத்தோம். அப்புறம் 29, 30 படிவங்களில் பெயர் மாற்றம்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து பார்க்கச் சொன்னதும் நல்லதாயிற்று. போனட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்பினோம். புகையும் இல்லை, தட்டும் சத்தமும் இல்லை.

எதிர்பாராதது காப்பீடு. நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காமல் இருந்ததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, வண்டிக்கு இல்லை, விற்றவருக்குத்தான் சொந்தம். பாலிசியை என் பெயருக்கு மாற்றும்போது அந்தத் தள்ளுபடித் தொகையை நான் கட்ட வேண்டியிருந்தது. பழைய கார் பார்ப்பவர்கள் இதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.